ஓட்டில் 'ஆதன்' என்று இருந்தால் அது சேர மன்னரா?

கேள்வி: வயலை உழும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் 'ஆதன்' என்று கீறியிருக்கிறது. பார்த்த ஒருவர், "இது சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் பெயர், நல்ல விலைக்கு முடித்துத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஓட்டை அவர் கையில் இன்னொரு முறை கொடுக்கவும் வேண்டாம்.

ஆதன் என்பது சங்க காலத்தில் சர்வ சாதாரணமாக வழங்கிய பெயர். வாழியாதன், நெடுஞ்சேரலாதன் என்று சேரர்களுக்கு இருந்தது, சரி. பூதப்பாண்டியன் தன் நண்பர்களை வரிசையாகச் சொல்லும் புறநானூறு 71ஆம் பாட்டில் ஆதன் அழிசி வருகிறான். வேங்கடத்துத் தலைவன் ஆதனுங்கன் வேறு ஆள். கீழடிப் பானை ஓடுகளிலும் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று இருக்கின்றன. அவற்றை யாரும் மன்னர் பெயராகப் படிக்கவில்லை. பானைக்குச் சொந்தக்காரர் தன் பெயரை அதில் கீறி வைத்தார், அவ்வளவுதான்.

மன்னர் என்று சொல்ல பெயர் மட்டும் போதாது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டைப் பாருங்கள். 'கோ ஆதன் செல்லிரும்பொறை', அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வெட்டியிருக்கிறது. பெயருக்கு முன்னால் அரசன் என்று பொருள்படும் 'கோ', பின்னால் மகன், பேரன். இத்தனையும் இருப்பதால்தான் அங்கே அரசர் என்கிறோம். உங்கள் ஓட்டில் 'ஆ'வுக்கு முன்னால் உடைந்திருக்கிறதா? அப்படியென்றால் ஒரு பேச்சு உண்டு. போன துண்டில் 'குவிரன்' இருந்திருக்கலாம், 'கோ' இருந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதனால் அதே இடத்தில் கிடைத்த மற்றச் சில்லுகளை, எழுத்தே இல்லாவிட்டாலும், தூக்கி எறியாதீர்கள். விளிம்பு பொருந்திவிட்டால் முழுப் பெயரும் கிடைக்கும்.

எனக்குப் பெரிய பயம் அந்தத் தரகர்தான். விலை ஏற வேண்டும் என்று இந்த ஆட்கள் ஆணியால் ஒரு 'கோ'வைச் சேர்ப்பார்கள். பழைய கீறலுக்குள் மண் இறுகிப் படிந்திருக்கும், புதிய கீறல் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். ஒரு ஓட்டில் இரண்டும் கலந்துவிட்டால் உண்மையான எழுத்தையும் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். எத்தனை நல்ல ஓடுகள் இப்படிப் பாழாகியிருக்கின்றன! உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாட்டினால் தரகர் நழுவிவிடுவார், நிலத்துக்காரர் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மண்ணில் கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்க 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் இன்றும் ஒரு விவசாயி ஓட்டோடு போய் நின்றால், இதை வாங்குவது யார் வேலை என்று ஆபீசில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த அலைச்சலில்தான் தரகர் பிழைக்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒரு நகல் தொல்லியல் துறைக்கு. அதுவரை ஓட்டைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், எழுத்தில் சுண்ணாம்பு தடவாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து வெயில் சாய்ந்த நேரத்தில் படம் எடுங்கள், கீறல் நன்றாகத் தெரியும். எந்த வரப்பிலிருந்து எத்தனை அடியில் கிடைத்தது என்பதையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.