கல்செடி பிளந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்

தக்கலையில் நீங்கள் வளர்க்கும் லித்தாப்ஸ் என்ற கல்செடி நடுவில் பிளந்து, வெளி இலைகள் சுருங்குவதைப் பார்த்து தினமும் தண்ணீர் விடுவதாக எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், செடி சாகவில்லை. பிளவுக்குள் புது இலை ஜோடி வருகிறது. பழைய இலைகளில் உள்ள நீரைக் குடித்துத்தான் அது வளரும். இப்போது தண்ணீர் விட்டால் பழையது வற்றாது, செடி அழுகிவிடும். பழைய ஜோடி காகிதம் போலக் காயும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். சில மாதங்கள்கூட ஆகலாம். பிய்த்தும் விடாதீர்கள்.

அப்புறம், மண். நம் ஊரில் தேங்காய் நார்த்தூள் எளிதாகக் கிடைப்பதால் எல்லாரும் அதிலேயே நடுகிறோம். அப்படித்தான் நான் இரண்டு செடிகளை இழந்தேன், வேரோடு குழைந்துபோயின. நமீபியா, தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி இது. முக்கால் பங்கு பொடிக்கல்லும் பருமணலும், மீதி சலித்த செம்மண் போதும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. ஆணிவேர் இறங்க 10 செ.மீ. ஆழமாவது தொட்டிக்கு வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. அதனால் தொட்டியைச் சாரல் படாத, காலை வெயிலும் காற்றும் வரும் இடத்தில் வையுங்கள்.