பூந்திக்கொட்டையில் இருக்கும் சபோனின் நஞ்சா, நல்லதா?

உங்கள் கேள்வி இது: பெங்களூரில் உங்கள் அடுக்ககத்தில் பல வீடுகள் பாத்திரத்துக்கும் துணிக்கும் பூந்திக்கொட்டைக் கரைசலுக்கு மாறிவிட்டன. அதில் இருக்கும் சபோனின் விஷம் என்கிறார் ஒருவர். சீயக்காயிலும் அதுதானே இருக்கிறது, பாட்டி காலத்திலிருந்து தேய்த்துக் குளிக்கிறோமே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரி. அது எங்கே போய்ப் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். தலையில் பட்டால் ஒரு விளைவு, கண்ணில் பட்டால் ஒன்று, ரத்தத்தில் கலந்தால் முற்றிலும் வேறு. நான் இதே ஊரில் ஓர் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சபோனின் எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருள். எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறும் கூட. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சபோனின் என்பது ஒரு தனிப் பொருள் இல்லை, பெரிய குடும்பம். அத்தனைக்கும் பொதுவானது ஓர் அமைப்பு: கொழுப்போடு ஒட்டும் கார்பன் வளையங்களின் கூடு ஒன்று, அதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி ஒன்றோ இரண்டோ. சர்க்கரைப் பக்கம் தண்ணீரை நாடும், கூடு தண்ணீரை விட்டு விலகும். கூடு 30 கார்பன் கொண்ட ட்ரைடெர்பீனாக இருக்கலாம், அல்லது 27 கார்பன் கொண்ட ஸ்டீராய்டாக இருக்கலாம். பூந்திக்கொட்டை, சீயக்காய், அதிமதுரம், வல்லாரை முதல் வகை. வெந்தயம், நெருஞ்சில், தண்ணீர்விட்டான் கிழங்கு இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகைக் கூடு நம் ஹார்மோன்களின் கூட்டுக்கு நெருங்கிய உறவு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து சர்க்கரையை நீக்கி டயோஸ்ஜெனின் என்ற கூட்டை எடுத்து, அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைச் செய்து காட்டினார். பின்னால் வந்த கருத்தடை மாத்திரைகளுக்கு அந்தக் கிழங்குதான் நெடுங்காலம் மூலப்பொருள்.

ஒரே மூலக்கூறில் இரண்டு குணம் இருப்பதால் அது தண்ணீரின் மேற்பரப்பில் வரிசைகட்டி நின்று இழுவிசையைக் குறைக்கிறது. அதுதான் நுரை. எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோகிறது. அதுதான் அழுக்கு போவது. பெங்களூருக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. காவிரித் தண்ணீர் வராத பகுதிகளில் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி, அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மாறி, வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டை அப்படித் திரிவதில்லை. சோப்பு காரம், பி.எச். 9, 10 வரை போகும். பூந்திக்கொட்டை நீர் லேசான அமிலம். பட்டும் கம்பளியும் புரதம், காரத்தில் நைந்துபோகும். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டையை எடுத்து வைத்த நம் வீட்டுப் பெரியவர்களின் அனுபவம் வேதியியல்படியும் சரியானது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலிக்கு அது போதாது என்பதே என் கருத்து. பாத்திரம் தேய்க்கும் சோப்பின் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி 'விஷம்' என்ற பக்கம். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான ஒரு சவ்வு மூடியிருக்கிறது, அதில் கொலஸ்ட்ரால் நிறைய உண்டு. சபோனினின் கூடு கொலஸ்ட்ராலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டோனின் என்ற சபோனின் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து கரையாத வீழ்படிவாவதை 1909-இலேயே அடால்ஃப் விண்டாஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் காட்டினார். ஸ்டெரால்கள் (கொலஸ்ட்ரால் சேர்ந்த குடும்பம்) பற்றிய பணிக்காக 1928-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்தால் சவ்வில் ஓட்டை விழும். சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டும்.

ஆய்வகத்தில் நாங்கள் நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்துக்கு நிறமேற்ற வேண்டுமென்றால், நிறமேற்றும் ஆன்டிபாடி உள்ளே நுழைய வழி வேண்டும். 0.1 சதவீத சபோனின் போதும், வழி திறக்கும். கழுவி எடுத்துவிட்டால் வழி மறுபடி மூடிக்கொள்ளும், அதனால் கடைசிக் கட்டம் வரை கரைசலில் சபோனினை வைத்திருக்க வேண்டும். குறைந்த அளவு டிஜிட்டோனின் போட்டால் செல்லின் வெளிச்சவ்வு மட்டும் திறந்து, உள்ளே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா அப்படியே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு, அதுதான் காரணம். பெரும்பாலான பாக்டீரியாக்களிலும் ஸ்டெரால் கிடையாது. எனவே பூந்திக்கொட்டை 'கிருமிநாசினி' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பூஞ்சைகளின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற ஸ்டெரால் உண்டு, அங்கே சபோனின் வேலை செய்யும். செடிகள் இதைத் தயாரிப்பதே பெரும்பாலும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எதிராகத்தான். ஓட்ஸ் செடியின் வேரில் அவெனாசின் என்ற சபோனின் இருக்கிறது. அதன் சர்க்கரையை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி உள்ள பூஞ்சைதான் அந்த வேருக்குள் நுழைய முடிகிறது.

சரி, வயிற்றுக்குள் போனால்? குடல் சபோனினை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கொண்டைக்கடலை, சோயா, பருப்பு எல்லாவற்றிலும் இது கொஞ்சம் உண்டு. பருப்பு வேகும்போது பொங்கும் நுரையில் புரதத்தோடு இதற்கும் பங்கு இருக்கிறது. அந்த அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கினோவாவை மட்டும் தேய்த்துக் கழுவிச் சமையுங்கள், தானியத்தின் மேல்தோலில் இருக்கும் சபோனின்தான் அந்தக் கசப்பு. பூந்திக்கொட்டைக் கரைசலைக் குழந்தை குடித்துவிட்டால் விஷயம் வேறு. அது குடல் சுவரை எரிச்சல்படுத்தும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சீயக்காய்த் தூள் பறந்தால் தும்மல் வருகிறதே, மூக்கின் உள்தோலில் சபோனின் பட்ட எரிச்சல்தான் அது.

அதிமதுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இருமலுக்கு நல்லது' என்று தினமும் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள கிளைசிரைசின் ஒரு சபோனின். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு. உடலில் அது உடைந்து உண்டாகும் பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. விளைவாக உடல் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாரக்கணக்கில் எடுக்கக் கூடாது.

ரத்தத்தை உடைக்கும் பொருள் என்று சொன்னேன் அல்லவா, அதே பொருள்தான் இன்று தடுப்பூசிகளில் இருக்கிறது. சிலி நாட்டு மரமான குயிலாயாவின் பட்டையிலிருந்து எடுக்கும் கியூ.எஸ்.-21 என்ற சபோனின், உடலின் எதிர்ப்பாற்றலைப் பலமாகத் தட்டி எழுப்புகிறது. ஆனால் நேராக ஊசியில் ஏற்றினால் செல்களை உடைக்கும். அதனால் கொலஸ்ட்ரால் சேர்த்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அதைப் பொதிந்துவிடுகிறார்கள். பிடித்துக்கொள்ள அங்கேயே கொலஸ்ட்ரால் கிடைத்துவிடுவதால் நம் செல்களை அது தொடுவது அடங்கிவிடுகிறது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை. அக்கிப்புண்ணுக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம் இந்தச் சபோனின் இருக்கிறது. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் குயிலாயா சபோனின்தான்; அதைத் தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். மாடுகளுக்குப் போடும் கோமாரித் தடுப்பூசிகளில் சபோனின் சேர்ப்பது இதற்கெல்லாம் முந்தைய பழக்கம்.

உங்கள் அடுக்ககத்துக்கு வருகிறேன். கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கிரந்திகே அங்கடிகளில் (நாட்டு மருந்துக் கடைகளில்) பூந்திக்கொட்டையைக் கன்னடத்தில் அண்டுவாளக்காய் என்று கேட்டால் தருவார்கள். கறுப்புக் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் ஊறவைத்துக் கொதிக்க வையுங்கள், சபோனின் தோலில்தான். அதன் சர்க்கரையை நுண்ணுயிர்கள் விடாது, சில நாளில் புளித்து நாறும். அதனால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள், குடிக்கும் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

துணி அலசிய நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீர்த்த நீரை மண்ணில் ஊற்றலாம், மண்ணின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். ஆனால் கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருக்கும் தாமரைத் தொட்டியில் ஒரு குவளை கூட வேண்டாம். மீனின் செவுள் மெல்லிய சவ்வு, சபோனின் அங்கேயே தாக்கி மூச்சை அடைத்துவிடும். குளத்தில் வேண்டாத மீன்களை ஒழிக்கச் சபோனின் உள்ள இலுப்பைப் பிண்ணாக்கைப் போடுவது இதனால்தான். ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழக் குளத்துக்குச் சுமார் 2500 கிலோ. அப்படிச் செத்த மீனை மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. மொட்டை மாடியில் மண்புழு உரத் தொட்டி வைத்திருந்தால் அதிலும் ஊற்றாதீர்கள். புல்தரையில் மண்புழுவை வெளியேற்றவும் இதே பிண்ணாக்கைத்தான் போடுகிறார்கள்.