ஹிர்ஷ் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?

வணக்கம். ஜெர்மனி தேசிய கால்பந்து அணிக்காக ஆடிய யூதரான யூலியுஸ் ஹிர்ஷ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1933இல் கிளப் நீக்கும் முன்பே அவராகக் கடிதம் எழுதி விலகிவிட்டார் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் எதிர்த்து நின்றிருக்கலாமே?
– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அவர் எதிர்த்துத்தான் நின்றார் என்று நினைக்கிறேன்.

கார்ல்ஸ்ரூஹே கிளப்பில் சேரும்போது ஹிர்ஷுக்குப் பத்து வயது. 1910இல் அந்த அணி ஜெர்மன் சாம்பியன் ஆனது. 1912இல் ஜெர்மனி அணி நெதர்லாந்துடன் 5-5 என்று டிராவான ஆட்டத்தில் நான்கு கோல் இவருடையது. அப்புறம் ஃப்யூர்த் அணிக்குப் போய் 1914இல் அங்கேயும் சாம்பியன். முதல் உலகப்போரில் நான்கு வருடம் ராணுவத்தில் இருந்து இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கினார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் அந்தப் போரில் உயிர்விட்டார்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, 1933 ஏப்ரலில் தென் ஜெர்மனியின் 14 பெரிய கிளப்புகள், யூதர்களை வெளியேற்ற ஒத்துழைக்கிறோம் என்று தாமாகவே முன்வந்து அறிவித்தன. கார்ல்ஸ்ரூஹேவும் அதில் ஒன்று. ஹிர்ஷ் இதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். ஏப்ரல் 10 அன்று எழுதினார்: 1902 முதல் நான் இருந்துவரும் அன்புக்குரிய கிளப்பைவிட்டுக் கனத்த மனதோடு விலகுகிறேன். அதோடு விடவில்லை. எல்லோரும் வெறுத்து அடிக்கும் இந்த யூதர்களுக்குள்ளும் கண்ணியமானவர்கள் உண்டு, நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்கள் உண்டு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1933இல் ஒரு யூதர் தன் பெயர் போட்டு இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1943 மார்ச் 1 அன்று அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். வழியில் டார்ட்மண்டிலிருந்து மகளுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார்: நல்லபடியாக வந்து சேர்ந்தேன், மேல் சைலீசியாவுக்குப் போகிறேன், இன்னும் ஜெர்மனிதான். ஆஷ்விட்ஸ் இருந்த பகுதிதான் அந்த மேல் சைலீசியா. அதன்பிறகு செய்தியே இல்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை அந்தக் கிளப்புகளிடமும் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திடமும்தான் கேட்க வேண்டும். ஹிர்ஷோடு ஒரே அணியில் ஆடிய இன்னொரு யூதர் கோட்ஃப்ரீட் ஃபுக்ஸ். 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கோல் அடித்தவர். 1939இல் வந்த தேசிய வீரர்கள் ஆல்பத்தில் இருவர் பெயரும் இல்லை. ஃபுக்ஸ் கனடாவுக்குத் தப்பிப்போனார். 1972இல் மியூனிக்கில் புது ஸ்டேடியம் திறந்தபோது, ஃபுக்ஸைச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள் என்று தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் கேட்டுக்கொண்டார். இது ஒரு முன்னுதாரணம் ஆகிவிடும் என்று சங்கம் மறுத்துவிட்டது.