மலை வண்டி மருத்துவம்

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வாங்க ஆசை. தினமும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வர வேண்டும். 'எண்டியூரோ இன்ஜின் நூறு மணி நேரம்தான் தாங்கும்' என்று நண்பர் பயமுறுத்துகிறாரே?

பதில்: நண்பர் சொன்னது வேறு சாதி வண்டி, தம்பி. எண்டியூரோ என்றால் காடு மேடு ஓடும் நீண்ட தூரப் பந்தயம். கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப் மாதிரி பந்தய எண்டியூரோ வண்டிக்குப் பராமரிப்புக் கணக்கே கிலோமீட்டரில் இல்லை, இன்ஜின் ஓடிய மணியில்தான். 15 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 600 கிலோமீட்டர்தான் ஆகிறது! எடை குறைய, இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைக் குட்டையாக, லேசாகச் செய்திருப்பார்கள்; அதனால் சீக்கிரம் தேயும். ஆயிலும் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். தினமும் ஆபீஸ் போக அது ஆகாது. எக்ஸ்பல்ஸ் சாலைக்காகவே செய்த இன்ஜின். உருவம்தான் காட்டு வண்டி.

உங்கள் ஓட்டம் நீளமானது, இன்ஜின் நன்றாகச் சூடாகும். அது நல்லதுதான். நான் குன்னூரில் இருந்தபோது, வீட்டிலிருந்து பட்டறைக்கு இரண்டே கிலோமீட்டர். ஒரு மழைக்கால விடியலில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் பசை! சூடேறாத இன்ஜினில் ஈரம் ஆயிலோடு கலந்திருந்தது. ஆயிலை மாற்றினேன், அதன்பின் ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையம் வரை ஒரு சுற்று.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கும் தப்பிக்கும். மண் சாலையில் புகுந்து வந்தால் அன்றைக்கே ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜினைத் தேய்ப்பது தூசிதான், ஏற்றமல்ல.