பதினெட்டு வயது நிரம்பாத பெண்களின் கருக்கலைப்பைச் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது?

எம்.ஏ. செமினாருக்காகக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே ‘பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முடியாதா, அது நியாயமா?’ என்று ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது. நானும் சமூகவியல் படித்தவள்தான். படித்து முடித்து ஏழு வருடம் கொங்குப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தேன். அதனால் புத்தகத்தில் படித்ததும் மகப்பேறு வார்டு வராந்தாவில் பார்த்ததும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாரக் கணக்கு. வீட்டில் ‘எத்தனை மாசம்’ என்பார்கள், மருத்துவமனையில் ‘எத்தனை வாரம்’ என்பார்கள். சட்டமும் வாரத்தில்தான் பேசுகிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021இல் திருத்தினார்கள். இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் சில பிரிவினருக்கு மட்டும். அந்தப் பட்டியலில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களும் உண்டு. 24ஐத் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

நான் பார்த்தவரை, கல்யாணமான பெண் நாள் தள்ளிப்போன உடனே, ஏழு எட்டு வாரத்தில் வந்துவிடுவார். பதினைந்து வயதுப் பெண் பதினேழு, பதினெட்டு வாரத்தில் வருவாள். நடுவில் அந்தப் பத்து வாரம் எங்கே போனது? உங்கள் செமினாருக்கு வேண்டிய சமூகவியல் எல்லாம் அந்தப் பத்து வாரத்துக்குள் இருக்கிறது என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பத்தாம் வகுப்புப் பெண், பள்ளிச் சீருடை, துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு போட்டு இறுக்கியிருந்தாள். வயிற்றுவலி என்று அம்மா கூட்டி வந்திருந்தார். ஸ்கேன் சீட்டில் 19 வாரம். பேர் என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன், அம்மா சொன்னார். என்ன படிக்கிறாய் என்றேன், அதற்கும் அம்மாதான். கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்றேன். “தீவாளிக்கு முந்தின வாரமுங்க மேடம். பீரோவுக்கு அடியில புதுயுகம் பாக்கெட்டு பிரிக்காம அப்படியே கெடந்துச்சு. ஒடம்புல சத்தில்லாம தள்ளிப் போவுதுன்னு நெனச்சு உளுந்தங்களி கிண்டிக் குடுத்தேனுங்க.”

புதுயுகம் என்பது அரசு இலவசமாகத் தரும் நாப்கின். பிரிக்காத பாக்கெட்டைப் பார்த்த பிறகும் ஒரு தாய்க்கு உளுந்தங்களிதான் தோன்றியிருக்கிறது. அந்தம்மா விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு பிள்ளை பெற்றவர், அக்கம்பக்கத்துப் பெண்களின் வயிற்றைப் பார்த்தே மாதம் சொல்லக்கூடியவர். தன் மகள் விஷயத்தில் மட்டும் அந்த எண்ணம் வரவில்லை, வரவிடவில்லை. ‘சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது’ என்று ஊரே சேர்ந்து நம்பும்போது கண்ணெதிரே இருப்பதுகூடத் தெரிவதில்லை. ஆறு வாரம் போனது அங்கேதான்.

இதே பெண்ணுக்கு மூன்று வருடம் முன்பு தெரட்டி நடந்திருக்கும். உங்கள் பக்கம் சடங்கு, மஞ்சள் நீராட்டு என்று சொல்வீர்களாக இருக்கும். தாய்மாமன் சீர், தட்டு வரிசை, மைக் செட், முக்கு ரோட்டில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ். முதல் தீட்டை ஊருக்கே அறிவிக்கிறோம். ‘இந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள்’ என்பதற்கான அறிவிப்பு அது. ஆனால் வந்த தீட்டு ஏன் வருகிறது, நின்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பந்தலில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. அவள் உடம்பு தயாரான செய்தி அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது.

இப்போது உங்கள் பாடப்புத்தகத்துக்கு வருவோம். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்று சொன்னார்: எந்தச் சமூகமும் குழந்தைக்கு ஒரு ‘சமூகத் தந்தை’ வேண்டும் என்று கேட்கும், யாராவது ஓர் ஆண் முன்வந்து ‘இது என் பொறுப்பு’ என்றால்தான் அந்தக் குழந்தைக்கு ஓர் இடம் கிடைக்கும். அது எல்லாச் சமூகத்துக்கும் பொருந்துமா என்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நிறைய சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘அப்பன் பேர் தெரியாதது’ என்பது நம் ஊரில் இன்னும் வசவாக இருக்கும்வரை இங்கே அவர் சொன்னது செல்லும். இந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு யாராவது தாலி கட்டிவிட்டால் இதே வயிறு மறுநாளே வளைகாப்புக்குரிய வயிறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள். 15–19 வயதில் 6.3 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கருவுற்றிருந்தார்கள். ஆக, சின்ன வயதுக் கர்ப்பம் என்பதில் ஊருக்கு அவ்வளவு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. தாலி இல்லாததில்தான் அதிர்ச்சி.

அடுத்து சமூகவியலாளர் கோஃப்மன். களங்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்: வெளியே தெரிந்துவிட்டது, இன்னும் தெரியாதது. தெரியாத களங்கம் உள்ளவருக்கு முழுநேர வேலையே அதை மறைப்பதுதான். கருக்கலைப்பு கேட்டு வரும் குடும்பங்கள் மருத்துவத்தைவிட அதிகமாகக் கேட்பது இந்த மறைப்பைத்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியை விட்டு மூன்று பஸ் மாறி வருவார்கள். பெண்ணின் வயதைப் பத்தொன்பது என்பார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக் கூட்டி வருவார்கள், புதுக் கயிறு என்பது மஞ்சள் நிறத்திலேயே தெரிந்துவிடும். காசு இருக்கும் வீடு இந்த வராந்தாவுக்கே வராது. வேறு மாவட்டத்தில் ஒரு நர்சிங் ஹோம், இரண்டு நாள், ‘குடல்வால் ஆபரேஷன்’ என்று உறவுக்காரர்களுக்குத் தகவல், முடிந்தது. வர்க்கம் பற்றி இதற்கு மேல் ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

சாதி பற்றி எழுத வேண்டும். காதல் விவகாரம் என்றால் குடும்பம் முதலில் விசாரிப்பது பையன் என்ன ஆள் என்பதைத்தான். சொந்த சாதி என்றால் ‘முடிச்சு வெச்சிரலாம்’ என்று பேச்சு போகும். வேறு சாதி, அதிலும் அவர்கள் கண்ணுக்குக் கீழான சாதி என்றால், கலைக்க வேண்டும், பையன் மேல் போக்சோ போட வேண்டும், இரண்டும் ஒரே மூச்சில். போக்சோ சட்டம் 2012 நவம்பரில் வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினெட்டுக்குக் கீழே யார் சம்மதமும் சம்மதம் இல்லை என்று அது சொல்வதால், பதினேழு வயதுக் காதலும் அதில்தான் வந்து விழுகிறது. என்ஃபோல்ட் என்ற அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தது. அவற்றில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று காதல் வழக்கு. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, இளம் பருவத்துக் காதலர்களைக் குற்றவாளிகளாக்க இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று எழுதினார். 17 வயது மனைவி என்றாலும் விலக்கு கிடையாது, தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு இருந்த அந்த விலக்கை 2017இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அதனால் ‘முடிச்சு வெச்ச’ பெண் கர்ப்பத்தைப் பதிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வயதுச் சான்றிதழைக் காட்டிய அன்றே புருஷன் மேல் வழக்கு வருவதும் உண்டு.

இங்கே சமூகவியல் மாணவர் கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. போக்சோவின் 19ஆம் பிரிவோ, தெரிந்தால் போலீசுக்குச் சொல் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. டாக்டர் என்ன செய்வார்? ‘ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடணும், மகளிர் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும்’ என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு ‘டீ குடிச்சிட்டு வரோமுங்க’ என்று கிளம்புவார். திரும்பி வர மாட்டார்கள். வந்தால் நான்கு வாரம் கழித்து, ரத்தப்போக்கோடு வருவார்கள். நடுவில் மெடிக்கல் கடை மாத்திரை, பப்பாளி, கருப்பட்டி போட்ட எள்ளு, எங்கேயோ ஒரு கிராமத்துக் கிழவியின் எருக்கங்குச்சி. குச்சியை நான் ஒரே முறைதான் பார்த்தேன். அந்தப் பெண் பிழைத்தாள், கர்ப்பப்பை பிழைக்கவில்லை. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. வயது வந்தவர்களும் அடங்கிய கணக்கு இது. பதினாறு வயதுக்காரிக்கு வெளியே போவதற்கான காரணங்கள் இன்னும் கூடுதல்.

இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று கொஞ்சம் தளர்த்தியது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அது. மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பணி இரவில் தனியாக நிற்கும் ஒரு இளம் டாக்டருக்கு அந்தத் தீர்ப்பைவிட ஸ்டேஷனிலிருந்து வரும் போன்தான் பக்கத்தில் இருக்கிறது. அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குள்ளேயே நடந்த கொடுமை என்றால் கதை வேறு. குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்வதுதான்: போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவன். சித்தப்பா, மாமா, சில சமயம் அப்பாவே. அப்போது அம்மாவின் தயக்கத்துக்குள் வீட்டு வாடகையும் ரேஷனும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும். கலைத்துவிட்டால் சாட்சி போய்விடுமே என்று பயப்படுபவர்களும் உண்டு, சாட்சி போகட்டும் என்று அவசரப்படுபவர்களும் உண்டு. இரண்டு பேரும் நினைப்பது தவறு. திசுவை எடுத்து வைத்து டி.என்.ஏ. பரிசோதனைக்குத் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்கள்.

2017இல் சண்டிகரில் பத்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு கர்ப்பம் மிகவும் முற்றிய பிறகே விஷயம் வெளியே வந்தது. உச்ச நீதிமன்றம் கலைக்க அனுமதி தரவில்லை. ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சையில் குழந்தை பிறந்தது. அந்தப் பத்து வயதுக்காரியிடம் வயிற்றில் கல் இருக்கிறது, எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். செமினாரில் ‘முடிவெடுக்கும் உரிமை’ என்று பெரிதாகப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பெண்ணியப் பார்வை என்று தனியாக ஒரு தலைப்பு வைப்பீர்கள் என்றால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்கும் மொழியில் எழுதப்படவே இல்லை. இன்னின்ன நிபந்தனையில் கலைத்தால் மருத்துவர் குற்றவாளி ஆக மாட்டார் என்பதுதான் அதன் சாரம். சாந்திலால் ஷா குழு 1966இல் அறிக்கை தந்தபோது முன்னால் இருந்த கவலை, திருட்டுத்தனமான கலைப்பில் சாகும் பெண்கள். கூடவே அது மக்கள்தொகையைப் பற்றிப் பேச்சு பலமாக இருந்த காலம். அப்படியும் நாம் பரவாயில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவுதான், தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் அனுமதி என்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த வாரக் கணக்குக்கே வேலை இல்லை.

சரி, கையெழுத்துக் கேள்வி. பதினெட்டு நிரம்பாதவருக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் கட்டாயம். ஆனால் காப்பாளர் என்றால் அப்பாதான் என்று சட்டம் சொல்லவில்லை. அவளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் என்றுதான் சொல்கிறது. அம்மா போதும், பாட்டியோ அத்தையோ வளர்த்தால் அவர்களும் போடலாம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத நிலை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். குழந்தைகள் நலக் குழு வழியாக வேலை நடக்கும்.

நியாயமா என்றால், பதிமூன்று வயதுக் குழந்தையைத் தனியாக முடிவெடுக்கச் சொல்வதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. பதினேழு வயதுக்காரியின் வாயைத் திறக்கவிடாமல் இன்னொருவர் கையெழுத்துப் போடுவதும் அப்படியே. 2024இல் மும்பைச் சிறுமி ஒருத்திக்குக் கிட்டத்தட்ட 30 வாரத்தில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 22 அன்று அனுமதி தந்தது. பெற்றோர் மனம் மாறியதும் ஒரே வாரத்தில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. காப்பாளர் ஒன்று சொல்லி, அந்தப் பெண் வேறொன்று சொன்னால், அவள் சொல்வதை முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே வழக்கில் எழுதியும் வைத்தது.

ஆனால் அவள் சொல்வதை யார், எப்போது கேட்பது? அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்று நர்ஸ் சொல்ல, அம்மா எழுந்து போனார். கதவு சாத்திய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். “எனக்கு ரெண்டாவது மாசமே தெரியுமுங்க அக்கா. டீச்சர்கிட்ட சொன்னா டிசி குடுத்துருவாங்க. அம்மாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன், அது களி கிண்டிட்டு இருந்துச்சு.” பையன் யார், அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள், எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்தது. அம்மா திரும்பியதும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வரும் அம்மாக்கள் எல்லோரையும் ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். கூட்டம் இருந்தால் கால் மணி நேரம் கிடைக்கும்.