கனடா வடக்குல இருக்க கிரேட் பேர் ஏரி எப்படி உருவாச்சு, அங்க யாராவது இருக்காங்களா?

இது பனியாறு தோண்டின ஏரி. பனியாறுன்னா தன்னோட வெயிட்லயே மெதுவா நகர்ற பெரிய ஐஸ் திட்டு. தேங்கா துருவுனா பருப்பு வந்துடும் சிரட்டை நிக்கும்ல, அதே மாதிரி பாறை எங்கெல்லாம் வீக்கோ அங்க பழைய பள்ளத்தாக்கை இன்னும் ஆழமா சுரண்டிருச்சு, அதுல தண்ணி நிரம்பி இப்ப சுமார் 31,000 சதுர கிலோமீட்டர், 400 மீட்டருக்கு மேல ஆழம்.

கரையில டெலினேன்னு ஒரே ஒரு ஊர், அந்தப் பகுதி பூர்வகுடிகளான சாஹ்து டெனே மக்களோடது. 1930ல கிழக்குக் கரையில கதிர்வீச்சு உள்ள ரேடியம் தாது கிடைச்சுது, அப்புறம் யுரேனியமும் எடுத்தாங்க, அந்தத் தாது மூட்டையை டெனே ஆளுங்கதான் முதுகுல சுமந்தாங்க, ஆபத்துன்னு யாரும் சொல்லவே இல்ல, கொடுமை.

வட துருவத்தைச் சுத்தி வரையுற கற்பனைக் கோடான ஆர்க்டிக் வட்டம் இந்த ஏரி வழியா போறதால அடிவரைக்கும் ஐஸ்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உறையுறது மேல்பகுதி மட்டும்தான், கீழ மீன் ஜாலியா நீந்திட்டு இருக்கும்.