வாசலில் பிணங்கள், உள்ளே சண்டை

கேள்வி: ஜார்ஜ் ரொமெரோவை மேதை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பிணம் எழுந்து வந்து மனிதனைத் தின்கிற படம் எடுத்தவருக்கு எதற்கு இத்தனை மரியாதை? ஜாம்பி படங்களில் ரத்தத்தைத் தவிர என்ன இருக்கிறது?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் பார்த்தது ரொமெரோவின் படமாக இருக்காது. அவருடைய முதல் படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது போதுமாக இருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள் கைக்காசு போட்டு, சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம் அது. 1968இல் வெளிவந்தது.

கதை இவ்வளவுதான். ஒரு பண்ணை வீடு, ஏழு பேர், வெளியே தள்ளாடி நடந்து வரும் பிணங்கள். ஓட்டமாக ஓடினால் எவரும் தப்பித்துவிடலாம், அவ்வளவு மெதுவான பிணங்கள். அப்படியும் அந்த வீடு ஏன் அழிகிறது? நிலவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வோம் என்கிறார் ஒருவர். கூடாது, மேலேயே கதவு ஜன்னல்களுக்குப் பலகை அடிப்போம் என்கிறான் பென். விடிய விடிய இதுதான் தகராறு. வெளியே நிற்கிறவற்றுக்குள் சண்டையே கிடையாது, கவனித்தீர்களா? எனக்கு முதல்முறை வயிற்றைப் பிசைந்தது அந்த இடம்தான், சதை தின்னும் காட்சி அல்ல.

நமக்குப் பழக்கமான பேய்க்கு ஒரு பழி இருக்கும், ஃபிளாஷ்பேக் இருக்கும், நியாயம் கிடைத்தால் போய்விடும். ஜாம்பிக்கு யார் மேலும் கோபம் இல்லை. நேற்று வரை பக்கத்து வீட்டில் இருந்த ஆள் அது. சமாதானம் பேச வழியில்லை என்பதால் படம் முழுக்க நாம் பார்ப்பது உயிரோடு இருப்பவர்களைத்தான். உலகம் முழுக்க மக்கள் இந்தப் படங்களை விடாமல் பார்ப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் நாம் இருந்தால் யார் பக்கம் நிற்போம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

1978இல் வந்த 'டான் ஆஃப் தி டெட்' படத்தை மன்ரோவில் என்ற ஊரின் ஷாப்பிங் மாலில், கடை சாத்திய பிறகு இரவு இரவாக எடுத்தார். நாலு பேர் அந்த மாலுக்குள் புகுந்து அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். தடுக்க ஆளில்லை, வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் முகத்தில் களையே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செத்தவர்கள் பழக்க தோஷத்தில் வந்து மோதிக்கொண்டு நிற்கிறார்கள். இதை வெறும் ரத்தம் என்றா சொல்வீர்கள்?

ரொமெரோ 2017 ஜூலை 16 அன்று, 77 வயதில், நுரையீரல் புற்றுநோயால் டொராண்டோவில் காலமானார். முதல் படத்தின் தலைப்பை விநியோகஸ்தர்கள் மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டினார்கள். அவருக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை. அந்த மனிதருக்குத்தான் மரியாதை எதற்கு என்று கேட்கிறீர்கள்.

இன்றைக்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான். முடிவைச் சொல்லிவிடுகிறேன், சொன்னாலும் கெடாது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். எந்த நிலவறை வேண்டாம் என்றானோ அதற்குள்ளேயே ஒளிந்து, அந்த இரவில் அவன் ஒருவன்தான் பிழைக்கிறான். விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக்காரர்கள், ஜன்னலில் தெரிந்த அவனையும் பிணம் என்று நினைத்து நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருஷம் வந்த படம் இது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். செய்தித்தாள் புகைப்படம் மாதிரி, புள்ளி புள்ளியாக அசையாத படங்கள் வரும். இறைச்சிக் கொக்கி பிடித்த கைகள், பென்னின் உடல், விறகுக் குவியல். அதையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.